காசு கொடுத்துப் பேசும் இணைய நட்பு: சொந்த விவரங்கள் எப்படிக் கசிகின்றன?

இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒருவர், படுக்கும் முன் கைப்பேசியைத் திறந்து பத்து வெள்ளிக்கு டாப்-அப் செய்துவிட்டு, முகம் தெரியாத ஒருவரோடு அரை மணி நேரம் தமிழில் பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் சிரம்பானிலும் இருக்கலாம், சேலத்திலும் இருக்கலாம். பேச்சு பெரும்பாலும் சாப்பாடு, வேலை, மழை, பிள்ளைகள் என்றுதான் போகும். பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போய்விட்ட பிறகு தோட்டத்தில் தனியாக இருப்பவர்கள், மனைவியை இழந்தவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்து வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞர்கள் எனப் பலர் இப்படிப் பேசுகிறார்கள். மறுபக்கம் பேசிச் சம்பாதிப்பவர்களிலும் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உண்டு. இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலை அல்ல. பேசும்போது இரு பக்கமும் கைமாறும் சொந்த விவரங்கள் என்னென்ன, அவை எங்கே போய்ச் சேர்கின்றன, தவறான கையில் சிக்கினால் என்ன செய்வது என்பது மட்டுமே இங்கே பேசப்படுகிறது.

கட்டண நட்பு என்பது ஒரே வகையானதல்ல. பிகோ லைவ், டிக்டாக் போன்றவற்றில் நேரலையில் பேசுபவருக்குக் காசு கொடுத்து வாங்கிய காயின்களைப் பரிசாக அனுப்புவது ஒரு வகை. நிமிடத்துக்கு இவ்வளவு என்று குரல் வழியில் பேசும் செயலிகள் இன்னொரு வகை. மாதச் சந்தா கட்டி ஒருவரின் படங்களைப் பார்ப்பதும் அவரோடு தனிச் செய்தியில் பேசுவதும் உண்டு. செயலி எதுவுமில்லாமல் புலனத்திலோ டெலிகிராமிலோ பேசிவிட்டு டூயிட்நவ் வழியாகப் பணம் அனுப்புவதும் உண்டு. ஆபத்து மிகுந்தது இந்தக் கடைசி வகைதான். மனிதரே இல்லாமல் செயற்கை நுண்ணறிவோடு பேசும் ‘தோழி’ செயலிகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

பணம் அனுப்பும்போதே பெயர் போய்விடுகிறது

பலர் புனைப்பெயரில்தான் பேசத் தொடங்குகிறார்கள். ‘ராஜா’, ‘குயில்’ என்று ஏதாவது ஒரு பெயர். ஆனால் டூயிட்நவ் வழியாக முதல் முறை பணம் அனுப்பும்போது அந்தத் திரை விலகிவிடுகிறது. கைப்பேசி எண்ணைப் போட்டதும் வங்கியில் பதிவான பெயர் திரையில் வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பணம் தவறான ஆளுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வசதியை வைத்து, ஒருவரின் கைப்பேசி எண் மட்டும் தெரிந்த எவரும், பணம் அனுப்பாமலேயே, உறுதிசெய்யும் கட்டம் வரை போய் அவருடைய முழுப்பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட முடியும். அந்த எண் டூயிட்நவ்வில் பதிவாகியிருந்தால் போதும்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. மலேசிய இந்தியர்களின் பெயரோடு ஏ/எல், ஏ/பி என்று தகப்பனார் பெயரும் சேர்ந்தே வரும். சுங்கை சிப்புட்டிலோ கோல சிலாங்கூரிலோ தகப்பனார் பெயரோடு சேர்த்து ஒரு பெயரைச் சொன்னால், “அட, நம்ம பழைய மண்டோர் பையன்தானே” என்று சொல்ல அங்கே ஒருவராவது இருப்பார். பெரிய சமூகத்தில் ஒரு பெயர் கூட்டத்தில் கரைந்துவிடும். நம் சமூகத்தில் அப்படிக் கரைவதில்லை.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. செயலிக்குள்ளேயே காயினாகவோ பரிசாகவோ கொடுத்தால், பெறுபவருக்கு வங்கிப் பெயர் தெரியாது. பணம் வாங்குபவருக்கும் இது பொருந்தும்: பார்வையாளர்களிடம் தன் கைப்பேசி எண்ணையோ வங்கிக் கணக்கையோ கொடுத்து நேரடியாகப் பணம் வாங்கினால், செயலி பிடித்துக்கொள்ளும் கழிவு மிச்சமாகும், ஆனால் பெயர் போய்விடும். எண்ணை டூயிட்நவ்விலிருந்து நீக்கிக்கொள்ள வங்கிச் செயலியிலேயே இடமுண்டு. எனினும் கணக்கு எண்ணைக் கொடுத்தால் பெயர் எப்படியும் தெரியும்.

“செயலியில் பேசினால் காசு அதிகம், வெளியே வாங்க, நேராகப் பேசலாம்” என்று மறுமுனையில் இருப்பவர் சொல்லும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். செயலிக்குள் இருக்கும்வரை ஒருவரைத் தடுத்து நிறுத்தப் பொத்தான் உண்டு, புகார் செய்ய இடம் உண்டு. புலனத்துக்குப் போனவுடன் கைப்பேசி எண்ணும், அதோடு பெயரும், முகப்புப் படமாக வைத்திருக்கும் பேரப்பிள்ளையின் முகமும் அவர் கையில்.

மைகார்டு எண் என்ன சொல்கிறது

அடையாள அட்டை எண்ணை யாரும் சும்மா கொடுப்பதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் பலர் அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பேச்சுவாக்கில் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணின் அமைப்பைப் பார்த்தால் இது புரியும். மொத்தம் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம்: 01 ஜொகூர், 02 கெடா, 05 நெகிரி செம்பிலான், 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர், 14 கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

ஆக, 850214-08 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் 1985 பிப்ரவரி 14-இல் பேராக்கில் பிறந்தவர் என்று தெரிந்துவிடும். இதையே திருப்பிப் பாருங்கள். “என் பிறந்தநாள் பிப்ரவரி 14, நாற்பது ஆகிடுச்சு, ஈப்போவில்தான் பிறந்தேன்” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால் 12 இலக்கத்தில் எட்டைச் சொல்லிவிட்டார். மிச்சம் நான்குதான். அந்த நான்கைத்தான் பிறகு யாராவது ‘வங்கியிலிருந்து’ அழைத்து, “சரிபார்ப்பதற்காகக் கடைசி நான்கு எண்ணை மட்டும் சொல்லுங்கள் சார்” என்று கேட்பார்கள். ‘மட்டும்’ என்ற சொல்லைக் கேட்டு அவரும் சொல்லிவிடுவார்.

பிறந்தநாள் வாழ்த்து வாங்க ஆசைப்படுவது மனித இயல்பு. நாளை மட்டும் சொல்லி, ஆண்டையும் ஊரையும் விட்டுவிடலாம். அல்லது வேறு ஒரு நாளைச் சொல்லலாம்; கேக் வெட்டப்போவது எப்படியும் திரையில்தான்.

அட்டையின் படத்தைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. “நீங்கள் உண்மையான ஆள்தானா என்று தெரிய வேண்டும், ஐசி காட்டுங்கள், நானும் காட்டுகிறேன்” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் காட்டப்படும் அட்டை வேறொருவரிடமிருந்து இதே முறையில் வாங்கியதாக இருக்கலாம்.

சின்னச் சின்னப் பேச்சு

விவரம் என்றால் எண்ணும் முகவரியும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதிகம் கசிவது சாதாரணப் பேச்சில். எடுத்துக்காட்டுக்கு இப்படி ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

“சாப்டாச்சா அண்ணே?”

“இன்னும் இல்லமா. மில்லுல ஓவர்டைம், இப்பத்தான் வந்தேன்.”

“அங்க மழையா?”

“செம மழை. பாலத்துக்கிட்ட தண்ணி ஏறி ரோட்டை மூடிட்டாங்க. சுத்திக்கிட்டு வந்தேன்.”

“அச்சச்சோ. அப்ப நாளைக்கு ரெஸ்ட் எடுங்க.”

“எங்க ரெஸ்ட்டு? வெள்ளிக்கிழமை கோயில் திருவிழா. மருமகன்தான் இந்த வருசம் தலைவரு. பந்தல் வேலை எல்லாம் நம்ம தலையிலதான்.”

இதில் ரகசியம் என்று எதுவும் இல்லை. ஆனால் செம்பனை ஆலையில் வேலை, அன்றைய மழையில் எந்தச் சாலை மூடப்பட்டது, வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலில் திருவிழா, அதன் தலைவர் யார் என்று நான்கு செய்திகள் இருக்கின்றன. திருவிழா நோட்டீசை முகநூலில் போடாத கோயில் இன்று அபூர்வம். அந்த நோட்டீசில் தலைவர் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கும். அவருடைய முகநூல் பக்கத்துக்குப் போனால் மாமனாரின் படம், மனைவி, பிள்ளைகள், அவர்கள் படிக்கும் பள்ளி எல்லாம் வரிசையாக வரும். அரை மணி நேர வேலை.

அண்ணன் நேர்மையாகப் பேசினார், தங்கையும் அக்கறையாகக் கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இந்த உரையாடல் வேறு யார் கண்ணில் படும் என்பதுதான் கேள்வி. மறுமுனையில் இருப்பவர் எப்போதும் படத்தில் தெரிபவர்தான் என்ற உறுதி இல்லை. சந்தாவுக்குப் படம் வெளியிடும் தளங்களில், பிரபலமானவரின் பெயரில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வேறு ஆட்கள் மாறி மாறிச் செய்தி அனுப்புவது வெளிநாட்டு ஊடகங்களில் பலமுறை வெளிவந்திருக்கிறது. அமெரிக்காவில் இது வழக்காகவும் போனது. ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் தடுமாறாமல் இருக்க, வாடிக்கையாளரைப் பற்றிக் குறிப்பு எழுதி வைப்பார்கள்: வயது, வேலை, மனைவி இருக்கிறாரா, சம்பளம் எந்தத் தேதியில் வரும், எதைச் சொன்னால் மனம் இளகும். போன மாதம் சொன்ன முட்டிவலியை மறக்காமல் விசாரிக்கும் அன்புக்குப் பின்னால் இப்படி ஒரு குறிப்பேடும் இருக்கக்கூடும்.

சொல்லலாம், சொல்லக் கூடாது என்று பட்டியல் போடுவது எளிது. அரட்டையின் நடுவே அதை நினைவில் வைத்திருப்பது கடினம். இப்படி ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்: மனதில் உள்ளதைச் சொல்லலாம், இடத்தையும் ஆட்களையும் சொல்ல வேண்டாம். “மகன் பேசுவதே இல்லை, வருத்தமாக இருக்கிறது” என்று சொன்னால் பாரம் குறையும். மகன் பெயர், அவர் வேலை செய்யும் நிறுவனம், மருமகள் ஊர் இவற்றைச் சொல்லித்தான் குறைய வேண்டும் என்பதில்லை. சம்பள நாள், ஊழியர் சேமநிதியில் உள்ள தொகை, எடுக்கப்போகும் வயது ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. 55 வயதை நெருங்குபவர்களிடம் இந்தப் பேச்சை மெல்ல எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

படமும் குரலும்

கைப்பேசியில் எடுக்கும் படத்துக்குள், இட அமைப்பு இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் அளவுகளும் பதிவாகியிருக்கும். புலனத்தில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று ‘ஆவணமாக’ அனுப்பினால் நீங்காது. மூலக் கோப்பு அப்படியே போகும். கேமராவுக்கு இட அனுமதியை நிறுத்திவைப்பது ஒரு நிமிட வேலை.

அதைவிடப் பெரிய துப்பு, படத்தின் பின்னணி. வேலைச் சட்டையில் உள்ள நிறுவனச் சின்னம், கல்லூரி அட்டையின் கயிறு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை, சுவரில் தொங்கும் நாட்காட்டி. நம் வீடுகளில் நாட்காட்டி இல்லாத சுவர் ஏது? அதில் எந்த ஊர் மளிகைக் கடை, எந்தக் கோயில் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். முகநூலில் போட்ட அதே படத்தை இங்கேயும் போட்டால், படத்தை வைத்துத் தேடும் வசதியில் இரண்டு பெயரும் ஒன்றாகிவிடும். இதற்கென்று வேறு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்தரங்கப் படம் அனுப்புவது பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. முகமும், அடையாளம் காட்டும் மச்சமோ பச்சைக் குத்தலோ இருக்கும் படம் ஒருமுறை போனால் திரும்பாது. வீடியோ அழைப்பையும் மறுமுனையில் பதிவு செய்ய முடியும். தானாக மறையும் செய்தியையும் இன்னொரு கைப்பேசியால் படமெடுக்க முடியும்.

பேசிச் சம்பாதிப்பவர்களுக்கு

இந்த வேலையில் இருக்கும் பெண்களின் அச்சம் வேறு மாதிரி. பணம் போய்விடுமோ என்பதைவிட, யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுவாரோ என்பதுதான் பெரிது. மாதக்கணக்கில் பரிசு அனுப்பியவர், தனக்கு ஏதோ உரிமை வந்துவிட்டதாக நினைக்கத் தொடங்கும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது.

முகவரி போவது பெரும்பாலும் அன்பளிப்பு வழியாக. “தீபாவளிக்குச் சேலை அனுப்புகிறேன், அட்ரஸ் கொடும்மா” என்று கேட்டால் மறுக்க மனம் வராது. பொட்டலத்தை வீட்டுக்கு வரவழைக்காமல், இணையக் கடைகள் வைத்திருக்கும் பெற்றுக்கொள்ளும் முனையங்களைப் பயன்படுத்தலாம். அதுவும் வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ளதாக இல்லாமல் இருக்க வேண்டும். செயலிக்குள் வரும் பரிசோடு நிறுத்திக்கொள்வது அதைவிடப் பாதுகாப்பு. நேரலை செய்யும்போது ஒலியையும் கவனிக்க வேண்டும். பள்ளி மணி, ரயில் சத்தம், கீழ்வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எல்லாம் கேட்கும்.

கைப்பேசி எண்ணுக்கு ஒரு தனி சிம் வைத்துக்கொள்வது பலர் செய்யும் ஏற்பாடு. நம் நாட்டில் பிரிபெய்ட் சிம்மும் அடையாள அட்டையின் பேரில்தான் பதிவாகும் என்பதால் அது ரகசிய எண் ஆகிவிடாது. ஆனால் குடும்பத்தினரின் கைப்பேசிகளில் சேமித்திருக்கும் எண்ணோடு அது சேராது என்பதே போதுமான பயன். டெலிகிராமில் கைப்பேசி எண்ணை யாருக்கும் காட்டாமல், பயனர் பெயரில் மட்டும் பேச அமைப்பு உண்டு. தொடர்பு எண்கள் முழுவதையும் படிக்கச் செயலி அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். அனுமதித்தால் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று சித்தப்பாவின் திரையில் போய் நிற்கும் வாய்ப்பு இருக்கிறது.

நேரலைச் செயலிகளில் ஏஜென்சி என்ற இடைத்தரகர் உண்டு. ஹோஸ்ட் ஆகச் சேர்வதற்கு அடையாள அட்டைப் படம், வங்கிக் கணக்கு, சில நேரம் அட்டையைக் கையில் பிடித்த செல்ஃபி எல்லாம் அவர்கள் கேட்பார்கள். செயலிக்குள்ளேயே நேரடியாகப் பதிவேற்றும் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துவதே முறை. புலனத்தில் தெரியாத ஏஜென்டுக்கு அனுப்பக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டுமானால், வங்கியிலும் அரசாங்க அலுவலகத்திலும் நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு ‘இந்தக் காரியத்துக்கு மட்டும்’ என்று மலாயில் எழுதிக் கொடுக்கும் பழைய பழக்கம் இருக்கிறதே, அதை இங்கேயும் செய்யலாம். ஏஜென்சியின் பெயரும் தேதியும் அந்தக் கோட்டின் மேல் இருக்கட்டும்.

வங்கி அட்டையையோ இணைய வங்கிக் கடவுச்சொல்லையோ ஏஜென்டிடம் ஒப்படைத்து, “சம்பளத்தை நாங்களே போட்டு எடுத்துக் கொடுக்கிறோம்” என்பதற்கு ஒப்புக்கொள்வது தனி ஆபத்து. 2024-இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம், முறையான காரணமின்றித் தன் வங்கிக் கணக்கைப் பிறர் கட்டுப்பாட்டில் விடுவதையே குற்றமாக்கியிருக்கிறது. மோசடிப் பணம் அதில் புகுந்து புறப்பட்டால் காவல் துறை முதலில் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

இயந்திரத் தோழி

ரெப்ளிகா என்ற செயலியை உலகின் பல நாடுகளில் மக்கள் காசு கட்டிப் பயன்படுத்துகிறார்கள். மறுமுனையில் மனிதர் இல்லை என்பதால் மிரட்டல் வராது, ஆகவே எதையும் சொல்லலாம் என்ற எண்ணம் உண்டு. ஆனால் சொன்னதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் கிடக்கிறது. 2024 பிப்ரவரியில் மோசில்லா அறக்கட்டளை இத்தகைய காதல் உரையாடல் செயலிகள் 11-ஐ ஆராய்ந்து, பதினொன்றுக்குமே தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ரெப்ளிகாவுக்குத் தடைபோட்டது. 2025-இல் அதன் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

நிறுவனம் நல்லெண்ணத்தோடு இருந்தாலும் கதவு உடைபடலாம். 2015-இல் ஆஷ்லி மேடிசன் என்ற கனடிய உறவுத் தளத்தின் தரவு திருடப்பட்டு, கோடிக்கணக்கானோரின் விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. விவரங்களை அழிக்கக் கட்டணம் வாங்கிய அந்தத் தளம், கட்டணம் கட்டியவர்களின் விவரங்களை முழுமையாக அழிக்கவில்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது. இத்தகைய கணக்குகளுக்கு வேலையிட மின்னஞ்சலைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சட்டம் எதுவரை வரும்

நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நடவடிக்கைகளில் தரவைக் கையாளும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தன்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு. நிறுவனம் 21 நாளில் பதில் தர வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். 2024-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம். தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டிய கடமையும் 2025 ஜூன் முதல் வந்திருக்கிறது.

இதன் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவுக்கு வெளியே கையாளப்படும் தரவுக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டாது. தனி மனிதர் சொந்தக் காரியத்துக்காக வைத்திருக்கும் விவரத்துக்கும் பொருந்தாது. எங்கிருந்து இயங்குகிறது என்றே தெரியாத ஒரு நிமிடக் கட்டணச் செயலியிடம் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சமூக ஊடக உரிமமும், நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கானதுதான். சின்னச் செயலிகள் அந்த வலையில் விழுவதில்லை.

ஆனால் மிரட்டுபவருக்கு எதிரான சட்டம் வலுவானது. பயமுறுத்திப் பணம் பறிப்பது குற்றவியல் சட்டத்தின் 384ஆவது பிரிவின் கீழ்ப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதை, இணையம் வழியாகச் செய்தாலும், 2023-இல் சேர்க்கப்பட்ட 507ஏ பிரிவு குற்றமாக்கியுள்ளது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் 2025 முதல் தனிக் குற்றம்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் ஒரு பக்கம் இருந்தால் எல்லாமே மாறிவிடும். பேச்சு பாலியல் பக்கம் திரும்பினாலே 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம் வந்துவிடும். அங்கே சம்மதம் என்ற பேச்சே கிடையாது.

மிரட்டல் வந்துவிட்டால்

செய்தி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: படம் ஒன்று, அதற்குக் கீழே மனைவி அல்லது மகள் பெயர், வேலையிடத்தின் பெயர், ஒரு தொகை, ஒரு கெடு. முதல் தொகை கட்டக்கூடியதாகவே இருக்கும், ஐந்நூறு, ஆயிரம். கட்டினால் முடிந்துவிடும் என்று தோன்றும். கட்டியவரிடம் மறுபடி கேட்பார்கள், ஏனெனில் இவர் கட்டுவார் என்பது இப்போது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பணம் அனுப்பக் கூடாது. பதில் பேசவும் வேண்டாம். உரையாடலை அழித்துவிடவும் கூடாது, அதுதான் சாட்சி. பேச்சு முழுவதையும், அவருடைய பயனர் பெயர், எண், கேட்ட வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் திரைப்படம் எடுத்து வைத்த பிறகே தடுக்க வேண்டும். முகநூல், படவரிக் கணக்குகளைத் தற்காலிகமாக மூடினால் உறவினர் பட்டியல் அவர்கள் கண்ணில் படாது. ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் வங்கியின் அவசர எண்ணுக்கோ, 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கோ உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்துவதுதான் அந்த மையத்தின் வேலை என்பதால், விடியட்டும் என்று காத்திருந்தால் பயன் குறையும். பிறகு அருகில் உள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். சம்பவம் நடந்த வட்டாரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கப்பட்ட வங்கிக் கணக்கின் மீது முன்பே புகார் உண்டா என்று காவல் துறையின் செமாக் மியூல் தளத்தில் பார்க்கலாம். அங்கே எதுவும் வரவில்லை என்றால் புகார் இல்லை என்று மட்டுமே பொருள், கணக்கு நல்லது என்று பொருளல்ல.

அந்தரங்கப் படம் பரவும் என்ற அச்சம் இருந்தால் ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச ஏற்பாடு உண்டு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அது கைப்பேசியிலேயே படத்தின் இலக்கக் கைரேகை போன்ற ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் முகநூல், படவரி, டிக்டாக் போன்ற தளங்களுக்குக் கொடுக்கிறது. அதே படம் அங்கே ஏறும்போது அடையாளம் கண்டு தடுக்கிறார்கள். புலனத்தில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இது தடுக்காது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்று இதேபோல் ஒன்று இருக்கிறது.

காவல் நிலையத்துக்குப் போவதைவிடப் பலருக்குக் கடினமானது வீட்டில் சொல்வதுதான். மிரட்டுபவரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், வீட்டுக்குத் தெரியாது என்பது. மனைவியிடமோ மூத்த மகனிடமோ, அவர்களிடம் முடியாவிட்டால் நம்பிக்கையான ஒரு நண்பரிடமோ இவரே சொல்லிவிட்டால் அந்த ஆயுதம் பாதி மழுங்கிவிடும். வீட்டில் சண்டை வரும், சில நாள் பேச்சு நிற்கும். அதைக் கேட்பவர்களும், “உனக்கு ஏன் இந்த வேலை” என்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஸ்டேஷனுக்குக் கூட வருவது நல்லது. யாரிடமும் சொல்ல முடியாமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரை போனவர்கள் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேசுவதற்குக் கட்டணமும் வாங்குவதில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் அங்கே 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைக்கலாம், மனவுளைச்சலுக்கு 1767. துன்புறுத்துவதற்காக ஒருவரின் விவரங்களை வெளியிடுவது அங்கு 2020 ஜனவரி முதலே குற்றம்.

இந்தப் பழக்கத்தை விட்டுவிட முடிவு செய்பவர்கள் பலர் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கணக்கும் உரையாடல்களும் நிறுவனத்திடம் அப்படியே இருக்கும், சந்தாவும் மாதாமாதம் பிடிபடும். முதலில் கூகுள் பிளே அல்லது ஆப் ஸ்டோரில் சந்தாவை நிறுத்த வேண்டும். பிறகு செயலிக்குள் போய் படங்களை அகற்றி, பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றி, சேமித்து வைத்த வங்கி அட்டையை நீக்கிவிட்டுக் கணக்கை அழிக்கக் கோர வேண்டும். சில செயலிகள் அழிப்பதற்கு 30 நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் பழக்க தோஷத்தில் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் கோரிக்கை ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.